தலையை எண்ணினால் துருக்கி, ரகசிய அறிக்கையைப் பார்த்தால் பிரிட்டன்

சிவில் நீதிபதியும் ராணுவ அதிகாரியும் சேர்ந்து விசாரிக்கும் நீதிமன்றத்தை ஆதரித்து, மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வாதம் தயாரிக்க வேண்டியிருந்தது. முன்மாதிரியாகத் துருக்கியைக் காட்டுவதா, பிரிட்டனையா? பிரிட்டனைத்தான் எடுத்தேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் அது தப்பு. துருக்கியில் அன்றிருந்த அரசுப் பாதுகாப்பு நீதிமன்றத்தில் (2004-இல் ஒழிக்கப்பட்டது) மூவர் இருந்தார்கள்; இருவர் சிவில் நீதிபதிகள், ஒருவர் மட்டும் ராணுவ நீதிபதி. அன்றைய பிரிட்டிஷ் விமானப்படை ராணுவ நீதிமன்றத்திலோ சட்டம் சொல்ல ஒரு சிவில் நீதிபதி இருந்தார். குற்றவாளியா இல்லையா என்பதில் ஓட்டு அதிகாரிகளுக்குத்தான் இருந்தது. ஆனாலும், விசாரித்த நீதிமன்றம் சுதந்திரமாகவும் நடுநிலையாகவும் இருந்ததா என்ற கேள்வியில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் துருக்கி 1998-இல் இன்ஜால் வழக்கில் தோற்றது; பிரிட்டன் 2003-இல் கூப்பர் வழக்கில் தப்பித்தது.

எல்லாம் ஒரே கேள்வியில் நிற்கிறது: தீர்ப்பு சொல்பவருக்கு ரகசிய அறிக்கை, அதாவது பதவி உயர்வைத் தீர்மானிக்கும் பணி மதிப்பீடு, எழுதுவது யார்? அரசு வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துருக்கியின் ராணுவ நீதிபதி பணியில் இருந்த அதிகாரி. ராணுவ ஒழுங்குக்கும் மதிப்பீட்டு அறிக்கைக்கும் கட்டுப்பட்டிருந்தார். பதவி நான்கே ஆண்டு, வேண்டுமானால் நீட்டிப்பு. பிரிட்டனில் அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்த அதிகாரிக்கு அதுவே கடைசிப் பணியிடமாக இருந்தது. பதவி உயர்வை எதிர்பார்க்க ஒன்றுமில்லாதிருந்தது. மற்ற உறுப்பினர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று அறிக்கை எழுதவும் விதி இடம் தரவில்லை.

இதற்கு நல்ல உரைகல், கூப்பர் தீர்ப்பு வந்த அதே 2003 டிசம்பர் 16-இல் வந்த கிரீவ்ஸ் தீர்ப்பு. நாடு அதேதான், படை மட்டும் கடற்படை. அங்கே சட்டம் சொன்னவரே பணியில் இருந்த கடற்படை அதிகாரி. வழக்கு இல்லாத நாளில் வழக்கமான கடற்படை வேலை. நீதிபதியாக அவர் எப்படி நடந்தார் என்ற குறிப்பு, அவருக்கு அறிக்கை எழுதும் மேலதிகாரியிடம் போகவும் வழியிருந்தது. பிரிட்டன் தோற்றது.

தராசு முழுக்கச் சமமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்ஜால் ஒரு துண்டுப் பிரசுரத்துக்காகக் கூண்டில் நின்ற வழக்கறிஞர், சிவிலியன், கூப்பர் விமானப்படைக்காரர். சிவிலியனை ராணுவ நீதிபதி விசாரித்ததற்குத் தீர்ப்பிலேயே கனம் அதிகம். தவிர, நான் படித்தது தீர்ப்புகளைத்தான். மூடிய அறைக்குள் ஓர் இளைய அதிகாரி தலைவரை எதிர்த்து ஓட்டுப் போடுவாரா என்பது காகிதத்தில் தெரியாது.

ஆளை மாற்றினால் போதாதா என்று ஒரு மாணவி கேட்டாள். துருக்கி அதையும் செய்து பார்த்தது. குர்திஷ் கிளர்ச்சித் தலைவர் ஒஜலான் வழக்கில் 1999 ஜூனில், தீர்ப்புக்குச் சில நாள் முன்பு, ராணுவ நீதிபதியை எடுத்துவிட்டு சிவில் நீதிபதியை உட்கார வைத்தார்கள். விசாரணையின் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருந்தது. 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் அதுவும் எடுபடவில்லை.