மூன்று யூரோவுக்கு 1492 வரை: மத்ரித் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்

மத்ரித் போகிறவர்கள் நேரே பிராதோ ஓவிய அருங்காட்சியகத்தில் நுழைந்து, ஓவியமாகப் பார்த்துத் தீர்த்துக் கால் வலியோடு வெளியே வருகிறார்கள். பார்க்கட்டும். ஆனால் ஸ்பெயினின் வரலாற்றை ஆதியிலிருந்து தெரிந்துகொள்ள ஆசையென்றால் செரானோ தெருவுக்குப் போங்கள். தேசிய நூலகம் இருக்கும் அதே கட்டடத்தின் இன்னொரு பக்கம். நுழைவுக் கட்டணம் 3 யூரோதான், சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேலும் ஞாயிறு காலையிலும் அதுவும் கிடையாது, திங்களன்று விடுமுறை. 1867இல் இரண்டாம் இசபெல் ராணி காலத்தில் தொடங்கியது, 2014இல் முழுக்கப் புதுப்பித்துத் திறந்தார்கள்.

எல்லோரும் மொய்ப்பது எல்சே சீமாட்டியை. 1897இல் எல்சே நகருக்குப் பக்கத்தில் கிடைத்த மார்பளவுச் சிலை, 56 செ.மீ. உயரம், காதோரம் இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் போல அணி. அழகுதான், மறுக்கவில்லை. என் ஓட்டு மட்டும் பாசா சீமாட்டி என்ற இன்னொரு சிலைக்கு. கி.மு. 4ஆம் நூற்றாண்டு, சுண்ணாம்புக்கல், அரியணையில் உட்கார்ந்த கோலம். உடையில் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது, இடது கைக்குள் ஒரு சின்ன நீலப் பறவை. பக்கவாட்டில் ஒரு குழி இருக்கும், குனிந்து பாருங்கள்: எரித்த எலும்புகளை அதில்தான் வைத்திருந்தார்கள், சிலையே தாழி. எலும்பை ஆராய்ந்தவர்கள் அது பெண்ணுடையது என்கிறார்கள், ஆனால் அதே கல்லறையில் போர் ஆயுதங்களும் இருந்தன. யார் இந்த அம்மா என்று யோசித்தபடியே ரோமானியர் பகுதியை நான் பாதி கவனத்தோடுதான் கடந்தேன்.

அப்புறம் விசிகோத்துகள், ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட ஜெர்மானிய இனத்தவர். ரெக்கெஸ்வின்ட் அரசரின் பொற்கிரீடம் தலையில் வைக்க அல்ல, பலிபீடத்துக்கு மேல் தொங்கவிடச் செய்த காணிக்கை, அதனால்தான் விளிம்பிலிருந்து அவர் பெயர் எழுத்தெழுத்தாகத் தொங்குகிறது. தொலேதோவுக்கு அருகே 1858 வாக்கில் மண்ணுக்குள்ளிருந்து வந்த புதையல் அது, ஒரு பகுதி உருக்கிக் காசாக்கப்பட்டதுபோகத் தப்பியது இவ்வளவு. அல் அந்தலுஸ், அதாவது முஸ்லிம் ஆட்சிக்கால ஸ்பெயின், பகுதியில் சமோரா தந்தப் பேழையைத் தவறவிடாதீர்கள். 964இல் கலீபா இரண்டாம் அல் ஹக்கம் தன் அன்புக்குரிய சுப்ஹுக்காகச் செய்வித்தது, மூடியும் உடம்பும் மயிலும் மானும் கொடியுமாக நிறைந்திருக்கும். கலீபாவின் தலைநகரான கோர்தோபாவின் அரண்மனைப் பொருள் பின்னாளில் சமோரா நகரின் கிறித்தவப் பேராலயத்தில் பத்திரமாக இருந்ததே, அதுதான் அந்த நாட்டு இடைக்காலம்.

குறை என்னவென்றால், கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 1492 தாண்டியதும் ஓட்டம்தான். பேரரசின் முந்நூறு ஆண்டுகளை பீங்கானும் மேசை நாற்காலியும் காட்டிச் சட்டென்று முடித்துவிடுகிறார்கள். உள்நாட்டுப் போர், சர்வாதிகாரி பிராங்கோ என்று தேடிப் போனால் ஏமாற்றம், அதற்கு பிக்காசோவின் கெர்னிகா ஓவியம் இருக்கும் ரெய்னா சோபியா அருங்காட்சியகம்தான். ஆனாலும் பிராங்கோவின் கை இங்கே இல்லாமலில்லை: எல்சே சீமாட்டி பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திலும் ரெக்கெஸ்வின்ட் கிரீடம் அங்கேயே குளூனி அருங்காட்சியகத்திலும் இருந்தவை, 1941இல் நாஜி ஜெர்மனிக்கு இணங்கி நடந்த பிரான்சின் விஷி அரசோடு அவர் செய்த பண்டமாற்றில்தான் திரும்பி வந்தன. பதிலுக்குப் போனவற்றில் வெலாஸ்கெஸ் வரைந்த ஓர் அரச ஓவியமும் உண்டு.

எகிப்து, கிரேக்கப் பொருட்களும் இருக்கின்றன, இவற்றைவிட நல்லவை வேறு ஊர்களில் உண்டு. இரண்டு மணி நேரம்தான் கையில் இருக்கிறதென்றால் முதல் தளத்தை விட்டு நகரவேண்டாம்.