மறுமைக்கு ஆறு ஞாயிறுகள்: மாட்டுங்கா வகுப்பு ஒன்றின் மதிப்புரை

மும்பை மாட்டுங்காவில் ஒரு சிறிய அரங்கில், புராணங்களும் சமயங்களும் இலக்கியங்களும் மறுமையை எவ்வாறு கண்டன என்பது குறித்துத் தமிழில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த வகுப்பில் ரூ.1,500 கட்டிச் சேர்ந்திருந்தேன். ஆறில் இரண்டு வகுப்புகளே மனத்தில் நிற்கின்றன. அந்த இரண்டுக்காகவே பணம் தகும் என்பேன்.

முதலாவது, புறநானூற்றின் 214ஆம் பாடல். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன், 'நல்வினை செய்வோமா' என்று தயங்குவோரை நோக்கிப் பாடியது. யானை வேட்டைக்குப் போனவன் யானையோடும் வரலாம், 'குறும்பூழ் வேட்டுவன் வறுங்கையும் வருமே' என்று சொல்லிவிட்டு அவன் அடுக்கும் வாதத்தை ஆசிரியர் பலகையில் படிப்படியாக எழுதினார். நல்வினைக்கு மேலுலக இன்பம் கிட்டலாம். அவ்வின்பம் இல்லையென்றால் பிறவாமை கிட்டலாம். மறுபிறப்பே இல்லையென்றாலும், இமயத்தின் உச்சி போன்ற புகழை நிறுத்திவிட்டுப் பழியற்ற உடம்போடு மாய்வது மிகச் சிறந்தது. சாவின் வாசலில் அமர்ந்திருப்பவன் மறுமை உண்டென்று சாதிக்கவுமில்லை, இல்லையென்று தள்ளவுமில்லை. கல்லூரியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாடல்தான். அன்றுதான் எனக்கு அதன் பொருள் விளங்கிற்று.

மற்றொன்று, பார்சிகளின் சின்வத் பாலம். இறந்த நான்காம் நாள் விடியலில் உயிர் அப்பாலத்தை அடைகிறது. நல்லவனுக்கு அது அகன்று கொடுக்கும், தீயவனுக்குக் கத்தி விளிம்பாகக் குறுகிவிடும். அவனவன் வாழ்ந்த வாழ்க்கையே அழகிய கன்னியாகவோ அருவருப்பான கிழவியாகவோ எதிரே வந்து நிற்கும். மலபார் ஹில்லில், பார்சிகள் தம் இறந்தோரைக் கொண்டுசேர்க்கும் தூங்கர்வாடியின் மரங்களைப் பேருந்திலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே கொண்டுவரப்படுவோருக்கு அடுத்து என்ன என்று அவர்கள் நம்புவதை ஒருமுறைகூடக் கேட்டறிந்ததில்லை.

எஞ்சியவை அவசர அவசரமாக ஓடின. இறந்தவனின் இதயத்தை, வாய்மையின் தெய்வமான மாஅத்தின் இறகோடு நிறுக்கும் எகிப்தியத் தராசுக்குப் பத்தே நிமிடங்கள். இத்தாலியக் கவி தாந்தேவைப் பற்றிப் பேசும்போது காட்டிய படங்கள் அனைத்திலும் தீ. ஆனால் அவருடைய நரகத்தின் ஒன்பதாம் வட்டம் உறைந்த ஏரி, சாத்தானாகிய லூசிபர் அங்கே மார்பளவு பனிக்கட்டியில் புதைந்திருக்கிறான். துரோகத்துக்கு நெருப்பை விடுத்துக் குளிரைத் தண்டனையாக்கியது அக்கவியின் மாபெரும் கற்பனைகளுள் ஒன்று என்பதால், இதைச் சிறு பிழையென்று விட்டுவிட என்னால் இயலவில்லை. மகாளய அமாவாசையன்று முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யப் பாணகங்கைக் குளத்துக்குப் போய்வருபவர்கள் பலர் அமர்ந்திருந்த அரங்கில், இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, முதலில் வைக்கும் 43ஆம் குறளைத் தொடாமலே போனதும் குறைதான். கொடுத்த நகல்கள் மங்கல். அரைமணி நேரக் காப்பி இடைவேளையோ அதிகம்.

அடுத்த முறை எட்டு வாரங்களாக நீட்டப் போவதாகச் சொல்கிறார்கள். சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, தாந்தேவுக்கு ஒரு முழு ஞாயிறு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.