தற்காலிக விவரக்குறிப்பா, முழு விவரக்குறிப்பா?

மண்டபம், பாம்பன் கரைகளில் கடல்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைக்கு, காற்றுக் காலத்திலும் அவிழாத ஒரு புதிய இணைப்பை ஒருவர் உருவாக்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் அவர் இரு வழிகளில் விண்ணப்பிக்கலாம்: கண்டுபிடிப்பை விவரிக்கும் ஆவணமான விவரக்குறிப்பை முதலில் தற்காலிகமாக அளித்துப் பின்னர் முழுமையாக்கலாம், அல்லது தொடக்கத்திலேயே முழுமையாக அளிக்கலாம்.

தற்காலிக விவரக்குறிப்பில் உரிமைக்கோரல்களை, அதாவது எந்தெந்த அம்சங்களுக்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்பதை வரையறுக்கும் வாசகங்களை, எழுத வேண்டிய கட்டாயமில்லை. கண்டுபிடிப்பை விவரித்தாலே முன்னுரிமைத் தேதி, அதாவது கண்டுபிடிப்பு புதியதா என்று பார்க்கக் கணக்கில் கொள்ளும் நாள், கிடைத்துவிடும். வடிவம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் கருவிக்கு இதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். முதலில் விவரிக்காமல் பின்னர் சேர்க்கும் மேம்பாட்டுக்கு அந்தப் பழைய தேதி பொருந்தாது என்பதால், தற்காலிகம்தானே என்று இரண்டு பத்திகளோடு நிறுத்திக்கொள்வது பெரும் இழப்பில் முடியும். முடிச்சு, கயிற்றின் தடிமன், மாற்றுப் பொருள்கள் என அறிந்த அனைத்தையும் வரைபடத்தோடு எழுதிவிட வேண்டும்.

இணைப்பு ஒரு பருவம் முழுவதும் கடலில் தாங்கி நின்று உறுதிப்பட்டிருந்தால், நேரடியாக முழு விவரக்குறிப்பையே அளிக்கலாம்; காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசோதிப்பது விரைவில் தொடங்க வழியுண்டு.

இரண்டிலும் காப்புரிமையின் 20 ஆண்டுக் காலம் விண்ணப்பம் தாக்கலான நாளிலிருந்தே கணக்கிடப்படும். எந்த வழியானாலும், தாக்கல் செய்யும் முன் கருவியைக் கரையில் பலர் அறியக் காட்டினால் புதுமை என்னும் தகுதி பறிபோகக்கூடும். தலைமுறைகளாக மீனவர் போட்டுவரும் முடிச்சுக்கோ, பாரம்பரிய அறிவு என்பதால், காப்புரிமையே கிடையாது.