கறி தோசைக்கு மோர்கோன்

பிரான்ஸில் லியோன் நகரில் வேலை பார்க்கும் என் மச்சினன் சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது இரண்டு பாட்டில் பிரெஞ்சு ரெட் ஒயின் கொண்டு வந்தான். ஏர்போர்ட்டில் ஆளுக்கு 2 லிட்டர் வரை விடுவார்கள், இவை 750 மில்லி பாட்டில்கள், அதனால் சிக்கல் இல்லை. ஒன்று போர்தோவின் மெதோக் பகுதியில் செய்தது, பெரும்பாலும் கேபர்நே சோவின்யோன் திராட்சை. இன்னொன்று லியோனுக்கு வடக்கே இருக்கும் போஜோலேயில் மோர்கோன் என்ற ஊர்ப் பக்கத்து ஒயின், முழுக்க காமே திராட்சை. இரண்டையும் நம்ம ஊர் சாப்பாட்டோடு ஒரே ராத்திரியில் குடித்துப் பார்த்தோம்.

சிம்மக்கல்லில் இருந்து கறி தோசையும் சுக்காவும் வாங்கி வந்தோம், வீட்டில் அயிரை மீன் குழம்பு இருந்தது. முதலில் மெதோக். மூக்குக்குப் பக்கத்தில் வைத்தால் பென்சில் சீவிய வாசனை, பின்னாடி கருந்திராட்சை, அப்புறம் நாக்கின் இரண்டு ஓரத்திலும் நாவல் பழம் தின்ற மாதிரி துவர்ப்பு. தனியாகக் குடிக்க அருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாய் சுக்கா தின்றுவிட்டுக் குடித்ததும் எல்லாம் மாறிப்போனது, மிளகும் மிளகாயும் இரண்டு மடங்கு எரிந்தது, ஒயினில் இருந்த பழ ருசி காணாமல் போய் வெறும் கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சியது. கேபர்நே பழம் சின்னது, தோல் தடிமன், அந்தத் தோலிலும் கொட்டையிலும் இருந்துதான் துவர்ப்பு இறங்குகிறது. ஏற்கெனவே எரியும் நாக்கில் இந்தத் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் காரம் இன்னும் ஏறத்தான் செய்யும்.

மோர்கோனை மச்சினன் சாயங்காலமே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தான். "ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றது அவங்க ஊர் ரூமுக்கு மாமா, நம்ம ரூமுக்கு இல்ல" என்றான். ரொம்பச் சரி. மதுரையில் மே மாத ராத்திரி அறைக்குள்ளேயே 34 டிகிரி இருக்கும், அந்தச் சூட்டில் எந்த ஒயினும் ஆல்கஹால் வாடைதான் அடிக்கும். மோர்கோனுக்கு 14 டிகிரி போதும். இரண்டு மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாக இருக்கும், டம்ளரின் வெளிப்பக்கம் லேசாக வியர்க்கும்.

அதற்கு அப்புறம் கறி தோசை. அடியில் தடிமனான தோசை, மேலே முட்டை, அதற்கும் மேலே மசாலாவில் வெந்த கறி, திருப்பிப் போட்டு மொறுமொறுவென்று எடுத்தது. அதன் எண்ணெயையும் முட்டையின் கனத்தையும் மோர்கோனின் லேசான புளிப்பு அப்படியே கழுவிவிட்டது, அடுத்த வாய்க்கு நாக்கு புதுசாகத் தயாரானது. காமேயில் துவர்ப்பு குறைவு. போஜோலேயில் பழத்தை நசுக்காமல் குலையோடு தொட்டியில் போட்டு நொதிக்க விடுவதும் அதற்கு ஒரு காரணம். 1395இல் பர்கண்டி கோமகன் ஒருவர் இந்தக் காமேயை மட்டமான செடி என்று சொல்லிப் பிடுங்கி எறியச் சொன்னாராம். அவருக்குக் கறி தோசை கிடைத்திருக்க வாய்ப்பில்லை, எனக்கு அந்தச் செடி பிழைத்ததில் அவ்வளவு சந்தோஷம்.

சுக்காவோடும் மோர்கோன் நன்றாகவே போனது, காரம் காரமாகவே இருந்தது, ஆனால் ஒயினின் பழ ருசியும் கூடவே நின்றது. அயிரை மீன் குழம்போடு மட்டும் இரண்டுமே வேண்டாம். வாயில் இரும்புச் சாவியை வைத்த மாதிரி ஒரு வாடை. ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து மீனோடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகுமாம். புளிக்குழம்பைச் சோற்றோடு தனியாகச் சாப்பிடுங்கள்.

மெதோக் பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது, கார்க்கை அமுக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டோம். மறுநாள் மத்தியானம் சின்னவளுக்காக என் மனைவி காரமே இல்லாமல் உப்பு, மஞ்சள், இஞ்சி மட்டும் போட்டு நல்லி எலும்பு வேகவைத்திருந்தாள். அந்தக் கொழுப்புக் கறியை ஒரு துண்டு எடுத்துக்கொண்டு மெதோக்கை ஊற்றிக் குடித்தேன், முந்தின நாள் கடித்த துவர்ப்பு கறியோடு சேர்ந்து பட்டு மாதிரி இறங்கியது. சின்னவளின் தட்டில் இருந்து இன்னொரு துண்டும் எடுத்துவிட்டேன்.