டெபியனில் பிரிண்டரும் ஸ்கேனரும்: டிரைவர் தேடவே வேண்டாம்

லினக்ஸில் பிரிண்டர் ஓடுமா என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் தயங்காமல் ஓடும் என்கிறேன், ஆனால் எந்தப் பிரிண்டர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வைஃபை உள்ள ஒரு ஆல்-இன்-ஒன் இன்க்ஜெட்டை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12-உடன் பயன்படுத்தி வருகிறேன். டிரைவர் என்று எதையும் நிறுவவில்லை. கணினியையும் பிரிண்டரையும் ஒரே வைஃபையில் இணைத்ததும் லிபர்ஆபிஸின் அச்சுப் பட்டியலில் பிரிண்டர் தானாக வந்துவிட்டது, தாள் அளவு, இருபக்க அச்சு எல்லாம் சரியாகவே காட்டியது.

தன்னால் என்னென்ன செய்ய முடியும் என்பதை பிரிண்டரே ஐபிபி என்ற அச்சு நெறிமுறை வழியாகச் சொல்லிவிடுகிறது, லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் அதைக் கேட்டு அதற்கேற்ற வடிவில் பக்கங்களை அனுப்புகிறது, அவ்வளவுதான். 2010-இல் ஆப்பிள், டிரைவர் இல்லாமலே அச்சிடும் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்தது ஐபோனுக்காக. போனில் டிரைவர் நிறுவ வழியில்லை என்பதால் அந்த வேலை பிரிண்டருக்குள்ளேயே போனது, அதன் பலன் இன்று நமக்கும் கிடைக்கிறது. அதனால் பெட்டியில் ஏர்பிரிண்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள், லினக்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று தேட வேண்டாம்.

ஸ்கேனர்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். டிரைவர் இல்லாமலே ஸ்கேனரை இயக்கும் சேன்-ஏர்ஸ்கேன் தொகுப்பு இருந்தால் போதும், சிம்பிள் ஸ்கேன் செயலியைத் திறந்ததும் கருவி தயாராக இருக்கிறது, மேலே அடுக்கிய தாள்களை ஒவ்வொன்றாக இழுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கித் தருகிறது. வைஃபை இல்லாமல் கேபிள் மட்டும் என்றால், டெபியன் 11-இலிருந்து வரும் ஐபிபி-யூஎஸ்பி என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கருவியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும், அப்புறம் ஏமாறக் கூடாது.

குறைகள்? மை தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்குக்கு பிரிண்டரின் பட்டனைத்தான் தொட வேண்டியிருக்கிறது. புகைப்படத்துக்கு நிறத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய அதிக வசதி இல்லை. கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்துவைக்கும் கெஸ்ட் வைஃபையில் பிரிண்டர் கண்ணிலேயே படாது.

இதற்கு முன் வைத்திருந்த லேசர் பிரிண்டர் வேறு கதை. நிறுவனம் தந்த டிரைவர் இன்டெல் வகை கணினிக்கான பைனரி (தொகுத்து முடித்த கோப்பு) மட்டும், மூலநிரல் கிடையாது. ஆர்ம் வகைச் சில்லு கொண்ட குட்டிக் கணினியான ராஸ்பெர்ரி பையில் அது ஓடவே இல்லை. மூலநிரல் இருந்திருந்தால் யாராவது ஆர்முக்குத் தொகுத்துக் கொடுத்திருப்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒரு கோப்பைத் தர மனமில்லாததால் மூலையில் கிடப்பதை நான் ஏற்கவே மாட்டேன், அந்த மாதிரிக் கருவிக்கு இனி காசு கொடுக்கப் போவதும் இல்லை.