எம்.கெம். நான்காண்டா, பி.எஸ்சி.க்குப் பின் தனி எம்.எஸ்சி.யா? பிரிட்டனில் வேதியியல் படிக்க இரு வழிகள்

பிரிட்டனில் வேதியியல் முதுநிலைப் பட்டம் வாங்க இரண்டு வழி உண்டு. பள்ளி முடித்ததும் நேரே நான்காண்டு எம்.கெம். சேர்வது ஒன்று. இளநிலைப் படிப்புக்குள்ளேயே முதுநிலையும் அடங்கிய பட்டம் இது; இம்பீரியல், யு.சி.எல்., பிரிஸ்டல் போன்ற இடங்களில் இதையே எம்.சை. என்பார்கள். மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்துவிட்டு, தனியாக விண்ணப்பித்து ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பது இன்னொன்று. ஸ்காட்லாந்தில் இளநிலைப் பக்கம் ஓராண்டு கூடும்: ஹானர்ஸ் பி.எஸ்சி.க்கு நான்கு, எம்.கெம்.முக்கு ஐந்து.

ஆண்டுக் கணக்கு ஒன்றுபோல இருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பணம், ஆய்வுக்கூட நேரம், அடுத்துப் போகும் இடம் என எல்லாமே மாறுகிறது. எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பிரிட்டனிலேயே வளர்ந்து, அரசுக் கடனில் படிக்கும் மாணவருக்கு எம்.கெம்.தான் சரி. ஏற்கெனவே பி.எஸ்சி. வைத்திருப்பவருக்கும், பல்கலைக்கழகத்தையோ துறையையோ மாற்ற நினைப்பவருக்கும் தனி எம்.எஸ்சி. பொருந்தும்.

பணக் கணக்கு

இங்கிலாந்தில் எம்.கெம்.மின் நான்காம் ஆண்டும் இளநிலைப் படிப்பாகவே கணக்கில் வரும். 2025-26-ல் உள்நாட்டு மாணவருக்குக் கட்டணத்தின் உச்சவரம்பு 9,535 பவுண்டு. முழுவதற்கும் கடன் கிடைக்கும். அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுக்கான கடனும் உண்டு. லண்டனுக்கு வெளியே, வீட்டை விட்டுத் தங்கிப் படிப்பவருக்கு 2025-26-ல் அது 10,544 பவுண்டு வரை போகும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து குறையும். கடைசி ஆண்டில் இன்னும் சற்றுக் குறைவு.

தனி எம்.எஸ்சி.க்கு இந்த ஏற்பாடு கிடையாது. 2025-26 கல்வியாண்டில் தொடங்கும் படிப்புக்கு முதுநிலைக் கடன் மொத்தமே 12,858 பவுண்டுதான். கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும், அடங்காது. மீதியை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும், இல்லையேல் வார இறுதியில் வேலை பார்க்க வேண்டும்.

திருப்பிச் செலுத்தும்போது வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். 2023 ஆகஸ்டுக்குப் பின் சேர்ந்தவர்களின் இளநிலைக் கடனுக்கு 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 9 சதவீதம் பிடிப்பார்கள். முதுநிலைக் கடனுக்கு 21,000 பவுண்டுக்கு மேற்பட்டதில் 6 சதவீதம். இரண்டு கடனும் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பிடிபடும். 30,000 பவுண்டு சம்பளக்காரரை எடுத்துக்கொள்வோம். எம்.கெம். படித்தவரிடம் ஆண்டுக்கு 450 பவுண்டு பிடிப்பார்கள். பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் தனித்தனியாகக் கடனில் படித்தவரிடம் 450, கூடவே 540, ஆக 990. எம்.கெம்.காரரின் மொத்தக் கடன் கூடுதலாகவே இருந்தாலும் மாதாமாதம் கைக்கு வரும் பணம் அவருக்குத்தான் அதிகம்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. எம்.கெம். முடித்தவர் முதுநிலைப் பட்டதாரி. பிறகு மனம் மாறி டேட்டா சயன்ஸோ வேறு எதுவோ எம்.எஸ்சி. படிக்க நினைத்தால் அந்த முதுநிலைக் கடன் கிடைக்காது. வேதியியலில்தான் நிற்போமா என்ற சந்தேகம் உள்ளவர்கள் அந்தக் கடனைக் கையில் வைத்திருப்பது நல்லது.

ஆய்வுக்கூடத்தில் எப்போது நுழைகிறீர்கள்

எங்களைக் கேட்டால் இரண்டு வழிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். கட்டணப் பட்டியலைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

எம்.கெம்.மில் மொத்தம் 480 கிரெடிட் (படிப்பின் எடையை அளக்கும் அலகு). அதில் குறைந்தது 120 முதுநிலைத் தரத்தில் இருக்க வேண்டும். கடைசி ஆண்டின் ஆய்வுத் திட்டம் பெரும்பாலும் அந்த 120-ல் பாதியை எடுத்துக்கொள்ளும். அக்டோபரில் ஒரு ஆய்வுக் குழுவில் சேர்ந்தால் ஈஸ்டர் வரை வாரத்தில் சில நாட்கள் பெஞ்சில், அதாவது ஆய்வுக்கூட மேசையில், நிற்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு இதை எல்லைவரை கொண்டுபோயிருக்கிறது. அங்கே நான்காம் ஆண்டு முழுக்க ஆய்வு மட்டும்தான், 38 வாரம், முடிவில் ஆய்வேடு. 1916 முதல் இருக்கும் ஏற்பாடு இது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே படிகவியலில் கைவைத்ததே இந்த ஆண்டில்தான். பின்னாளில் அவரிடமே இதே ஆண்டைச் செய்தவர் மார்கரெட் தாட்சர்.

தனி எம்.எஸ்சி. 180 கிரெடிட், பன்னிரண்டு மாதம். வழக்கமான அமைப்பில் முதல் 120 கிரெடிட் பாடமும் தேர்வும்; கடைசி 60-தான் திட்டம், அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான கோடையில். காகிதத்தில் இரண்டு திட்டமும் ஒரே எடை. பெஞ்சில் கதையே வேறு.

கோடைத் திட்டத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பாதுகாப்புப் பயிற்சி, கோஷ் எனப்படும் அபாய மதிப்பீட்டுப் படிவங்கள், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவிக்கான அனுமதி. இரண்டாம் வாரம் ஆர்டர் போட்ட வேதிப்பொருளுக்காகக் காத்திருப்பு. கடைசி இரண்டு வாரம் எழுத்துவேலை. மிஞ்சுவது எட்டு. ஜூலை, ஆகஸ்டில் வழிகாட்டிப் பேராசிரியர் மாநாட்டுக்குப் போவார். அன்றாடம் கைபிடித்துச் சொல்லித்தரும் பிஎச்.டி. மாணவர் விடுப்பில் இருப்பார்.

இனி அந்த எட்டு வாரத்தில் ஒரு சுசுக்கி இணைப்பு வினையை, அதாவது பல்லேடியத்தின் உதவியால் இரண்டு கார்பன் துண்டுகளை இணைக்கும் வினையை, செய்து பார்ப்போம். கரைப்பானில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நீக்காமல் பல்லேடியம் வினையூக்கியைப் போட்டால் அது கரும்பொடியாகப் படியும். போரானிக் அமிலம் தனக்குத் தானே இணைந்து, வேண்டாத இரட்டைச் சேர்மத்தைத் தரும். வினையூக்கியைச் சேர்ப்பதற்கு முன் 20, 30 நிமிடம் நைட்ரஜனையோ ஆர்கானையோ கரைப்பானுக்குள் குமிழவிட்டிருந்தால் போதும். இது தெரிய ஒரு வாரம் போகும். பிறகு கலவையைப் பிரிக்கும் நிரல் (column) குரோமட்டோகிராஃபி. பொருளைப் பிரித்து, 5 முதல் 10 மில்லிகிராமை 0.6 மில்லிலிட்டர் டியூட்டரோகுளோரோஃபார்மில் கரைத்து என்.எம்.ஆர். எடுத்தால் 4.12, 2.05, 1.26 பி.பி.எம்.மில் மூன்று சிகரம் நிற்கும். உங்கள் சேர்மத்தில் அப்படி எதுவும் இருக்க வழியில்லையே என்று குழம்புவீர்கள். அந்த நிரலில் ஓடவிட்ட எத்தில் அசிட்டேட் கரைப்பான் முழுதாகப் போகவில்லை, அவ்வளவுதான். அதை எடையோடு சேர்த்து விளைச்சல் 104 சதவீதம் என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. ஓர் இரவு உயர் வெற்றிட பம்பில் வைத்துவிட்டு மறுபடி எடை பார்த்தால் சரியாகும்.

இதெல்லாம் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொள்ளும் பாடம். எம்.கெம். மாணவருக்கு நவம்பரில் இது நடந்தால் ஜனவரியில் வேறு பாதையில் முயல நேரம் இருக்கிறது. எம்.எஸ்சி. மாணவருக்கு ஜூலையில் நடந்தால் அதுவே ஆய்வேட்டின் முடிவுரை.

ஆகவே எம்.எஸ்சி. போவதென்றால் எம்.ரெஸ். என்ற வகையையும் தேடிப் பாருங்கள். பாடம் குறைவு, அக்டோபரிலேயே ஆய்வுக்கூடம். பிஎச்.டி. நோக்கம் உள்ளவருக்குப் பாடவழி எம்.எஸ்சி.யைவிட இது பல மடங்கு மேல். அதுபோல, ஏப்ரலிலேயே வழிகாட்டியை முடிவு செய்து, வேதிப்பொருள் பட்டியலை மே மாதமே ஆர்டர் போடச் சொல்லுங்கள். காத்திருக்கும் அந்த வாரம் மிச்சமாகும்.

பிஎச்.டி. விண்ணப்பம்

பிரிட்டனில் நிதியுதவியோடு வரும் பிஎச்.டி. இடங்கள் இலையுதிர் காலத்தில் விளம்பரமாகி, பெரும்பாலும் டிசம்பர், ஜனவரிக்குள் விண்ணப்பம் மூடும். பாடவழி எம்.எஸ்சி. மாணவர் அப்போது புதிய ஊருக்கு வந்து சில வாரமே ஆகியிருக்கும். திட்டம் தொடங்க இன்னும் ஆறேழு மாதம். ‘இவர் ஆய்வுக்கூடத்தில் எப்படி’ என்று கடிதம் எழுத அங்கே யாரும் இல்லை. பழைய கல்லூரிப் பேராசிரியரிடம்தான் போய் நிற்க வேண்டும். எம்.கெம். மாணவரையோ அதே துறை மூன்றாண்டாகப் பார்த்திருக்கிறது. புது வழிகாட்டியும் தினமும் பார்க்கிறார். இந்த ஒரு காரணத்தால் எம்.எஸ்சி. முடித்தவர்கள் பலர் ஓராண்டு இடைவெளி விட்டு விண்ணப்பிக்க நேர்கிறது.

ஐரோப்பா என்றால் தராசு கொஞ்சம் மறுபக்கம் சாயும். அங்கே மூன்றும் இரண்டுமாக ஐந்தாண்டு, 300 ஐரோப்பிய கிரெடிட் என்பது பழகிய கணக்கு. எம்.கெம். 240-தான் வரும், பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் சேர்ந்தால் 270. ஜெர்மனி, சுவிட்சர்லாந்துப் பக்கம் போக நினைப்பவர்கள் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கவலை இல்லை. அங்கே இளநிலைப் பட்டத்தோடே பிஎச்.டி.க்கு எடுப்பார்கள், எம்.கெம். வைத்திருந்தாலும் பொதுவாக ஆண்டு குறையாது.

மதிப்பெண்ணும் சான்றிதழும்

பி.எஸ்சி.யில் ஃபர்ஸ்ட் வாங்கிவிட்டால் அது உங்களுடையது, எம்.எஸ்சி. சுமாராகப் போனாலும் அதை யாரும் தொட முடியாது. எம்.கெம்.மில் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டு மதிப்பெண்கள் சேர்ந்து ஒரே வகுப்பாக முடியும். இரண்டாம் ஆண்டில் சறுக்கியவர் கடைசி ஆண்டுத் திட்டத்தால் மேலேறலாம் என்பது இதன் நன்மை. முதுநிலைத் தரப் பாடங்களில் தேர்ச்சி மதிப்பெண் பொதுவாக 40 அல்ல, 50 என்பதை மறக்க வேண்டாம்.

சான்றிதழ் ஒன்றுதான் வரும் என்பதும் முக்கியம். கேம்பிரிட்ஜில் மூன்றாண்டுக்கு பி.ஏ.வும் நான்காம் ஆண்டுக்கு எம்.சை.யும் கிடைக்கும், மற்றப் பெரும்பாலான இடங்களில் எம்.கெம். மட்டுமே. இந்தியாவில் அரசு வேலை விண்ணப்பங்கள் இளநிலைக்கு ஒரு சான்றிதழ், முதுநிலைக்கு ஒரு சான்றிதழ் என்று தனித்தனிக் கட்டம் வைத்திருக்கும். திரும்பிவரும் எண்ணம் உள்ளவர்கள் பட்டம் வாங்கும்போதே ஆண்டுவாரி மதிப்பெண் பட்டியலையும், இது ஒருங்கிணைந்த முதுநிலைப் பட்டம் என்ற துறைக் கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அலைய விடுவார்கள்.

ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியின் முதுநிலை அங்கீகாரம் பெற்ற எம்.கெம். என்றால் சார்ட்டர்ட் கெமிஸ்ட் என்ற தொழில்முறைத் தகுதிப் பட்டத்துக்கான கல்வித் தகுதி முழுதாக நிறைவேறிவிடும். அந்த அங்கீகாரத்துக்குத் திட்ட நேரம் போக 400 மணி நேரச் செய்முறை வேண்டும், பி.எஸ்சி.க்கு 300 போதும். தனி எம்.எஸ்சி. வழியில் போகிறவர் இரண்டு படிப்புக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து, இலங்கையிலிருந்து வருவோருக்கு

வெளிநாட்டு மாணவருக்குக் கடன் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆண்டுக் கட்டணம் பல இடங்களில் 25,000 பவுண்டைத் தாண்டும்; விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். இதை நான்கால் பெருக்கிப் பார்த்தபின் எம்.கெம். பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதே எங்கள் எண்ணம். ஊரில் மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்துவிட்டு ஓராண்டு எம்.எஸ்சி. அல்லது எம்.ரெஸ்.ஸுக்கு வருவதே அறிவு. பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டத்தை ஏற்பதற்கு 2022 ஜூலையில் இந்தியா ஒப்பந்தம் செய்திருக்கிறது.

வரும்போது ஒரு குறையைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். நம் பி.எஸ்சி. செய்முறையில் தரம் பார்த்தலும் (டைட்ரேஷன்) உப்புப் பகுப்பாய்வும் கைக்குப் பழகியிருக்கும். என்.எம்.ஆர். கருவியை நேரில் பார்த்திராதவர்களே அதிகம். எம்.எஸ்சி. வகுப்பிலோ பல துறைகளில் எம்.கெம். நான்காம் ஆண்டு மாணவர்களே பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். கிளம்பும் முன் இரண்டு மாதம், தினம் ஒரு நிறமாலைப் புதிர் என்று போட்டுப் பழகுங்கள். புரோட்டான், கார்பன், அகச்சிவப்பு, நிறை நிறமாலை நான்கையும் சேர்த்து.

விசாவில் இரண்டு பொறி. படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் கிராஜுவேட் விசா வாழ்நாளில் ஒருமுறைதான். பி.எஸ்சி. முடிந்ததும் அதைப் பயன்படுத்திவிட்டு, பிறகு எம்.எஸ்சி. படித்தால் மறுபடி கிடைக்காது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு அது இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அடுத்தது, பி.எஸ்சி.க்கு விசா வாங்கிவந்து நடுவில் எம்.கெம்.முக்கு மாறினால் விசாவை நீட்டிக்கப் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். ஆட்டாஸ் (ATAS) என்ற பாதுகாப்பு அனுமதி வேண்டிய படிப்பா என்பதையும் சேர்க்கைக் கடிதத்தில் பாருங்கள். இந்தியர், இலங்கையர் இருவருக்கும் அதில் விலக்கு இல்லை. வேண்டுமென்றால் அது வந்த பிறகே விசா விண்ணப்பம்.

எந்தக் குறியீட்டில் விண்ணப்பிப்பது

உள்நாட்டு மாணவர் தயங்கினால் எம்.கெம். குறியீட்டிலேயே போடட்டும். முதல் இரண்டு ஆண்டு பாடம் பெரும்பாலும் பி.எஸ்சி.யோடு ஒன்றுதான், பிடிக்காவிட்டால் மூன்றாண்டில் பி.எஸ்சி.யாக இறங்கிக்கொள்ளலாம். கீழிருந்து மேலே ஏறுவதற்கு இடத்துக்கு இடம் 55, 60 சதவீதம் என்று வரம்பு வைப்பார்கள். மாறியதைக் கடன் அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியர் வேலையோ, தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூட வேலையோ, கணக்கு நிறுவன வேலையோதான் குறி என்றால் பி.எஸ்சி.யே போதும்; நான்காம் ஆண்டை வீணாகச் சுமக்க வேண்டாம்.

தொழிற்சாலைப் பயிற்சி ஆண்டு உள்ள எம்.கெம். கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அந்த ஆண்டு நான்குக்குள் அடங்குகிறதா, ஐந்தாவதாகச் சேர்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழு ஆண்டும் வெளியே வேலை என்றால் கட்டணம் வழக்கமான உச்சவரம்பில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சேரும் துறை நான்காண்டும் நிற்குமா என்பதும் இப்போது கேட்க வேண்டிய கேள்வியாகிவிட்டது. திரவப் படிகத் திரைகளுக்கு அடித்தளமிட்ட ஜார்ஜ் கிரேயின் ஹல் பல்கலைக்கழகமே 2024-ல் வேதியியல் துறையை மூடப்போவதாக அறிவித்தது. திறப்பு நாளில் போகும்போது மாணவர் எண்ணிக்கை எப்படி, புதிய ஆசிரியர்களை எடுக்கிறார்களா, கடைசி ஆண்டுத் திட்டத்துக்கு எத்தனை ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன என்று நேரடியாகக் கேளுங்கள். துறை மூடப்பட்டால் சேர்ந்தவர்களைக் கடைசிவரை படிக்கவைப்பார்கள்தான். ஆனால் ஆய்வுக் குழுக்கள் அதற்கு முன்பே வேறு ஊர் போய்விடும்.