புகையில் பெயிலான மாருதியும் கல்லடிக் கராஜும்

என்னுடைய 1996 மாருதி 800 இந்த முறை புகைப் பரிசோதனையில் பெயில். கார்பன் மொனொக்சைட், ஹைட்ரோகார்பன் இரண்டுமே அளவுக்கு மேல். அதில் பாஸான சான்றிதழ் இல்லாமல் காருக்கு வருட லைசன்ஸ் எடுக்கேலாது. மட்டக்களப்பு டவுனில் ஓரிடத்தில் பொனெட்டைக்கூடத் திறக்காமல் எஞ்சின் இறக்க வேணும் என்றார்கள்.

அப்புறம் கல்லடிப் பாலம் தாண்டி ஒரு சின்னக் கராஜ். அந்த அண்ணன் முதலில் பரிசோதனைத் துண்டை வாங்கி வாசித்தார், அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி விரலால் தேய்த்துக் காட்டினார், காய்ந்த கரி. "எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாத்தான் தம்பி எஞ்சினுக்குள்ள பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படணும், இது பெற்றோல் கூடப் போகுது." எயார் பில்ட்டர் தூசியால் அடைத்துக் கிடந்தது, சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் காற்றைக் குறைக்கிற அமைப்பு) கேபிள் இறுகி கார்பரேட்டர் தட்டு பாதிதான் திறந்தது (மட்டக்களப்பு வெயிலில் சோக் இழுத்தபடி எத்தனை மாதம் ஓடினேனோ!). கேபிள், பில்ட்டர், பிளக் மாற்றி, கலவையைச் சரிபண்ணி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு மறுபடி பரிசோதனைக்குப் போகச் சொன்னார். இரண்டாம் முறை பாஸ்.

ஒரே குறை நேரம். காலையில் விட்ட கார் விளக்கு வைக்கிற நேரம்தான் கிடைத்தது, இடையில் மூன்று ஆட்டோக்கள் புகுந்துவிட்டன.